வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அவரைத் தனியாக எங்காவது அனுப்ப வேண்டுமா?

கேள்வி: அண்ணனுக்கு வயது 34. ஒரு மாதமாக இருமல். சளியைப் பரிசோதித்து நுரையீரல் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். வியாசர்பாடியில் இரண்டு அறை வீடு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அண்ணியும் மூன்று வயதுக் குழந்தையும் உடன் இருக்கிறார்கள். அண்ணனை மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டுமா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய் இவனுக்கு எப்படி வந்தது? முழுமையாகக் குணமாகுமா? தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அக்கம்பக்கத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அனுப்ப வேண்டாம். அவர் எழுந்து நடமாடும் நிலையில் இருக்கிறார் என்றால் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம். உங்களுக்குத் தைரியம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உலகத்துக்கே இதை நிரூபித்துக் காட்டியது நம்முடைய ஊர்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று: நான் மருத்துவர் அல்ல. வடசென்னையில் ஒரு சுகாதார நிலைய ஆய்வகத்தில் சளி மாதிரிகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலையாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனை மாத்திரை, எந்த அளவு என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பரம்பரை நோய் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். இது காற்று வழியாகத்தான் பரவுகிறது. நோயுள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள் காற்றோட்டமில்லாத இடத்தில் நெடுநேரம் மிதக்கும். அதே காற்றை நாள்கணக்கில் சுவாசிப்பவருக்குத் தொற்றும். தட்டு, டம்ளர், துண்டு, கைகுலுக்கல் ஆகியவற்றால் வராது. வீட்டுக்கு வீடு நோயாளிக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் சன்னல் மட்டும் கொசுவுக்குப் பயந்து அடைத்தே கிடக்கும்.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். எப்போது யாரிடமிருந்து தொற்றியது என்று துருவுவதில் பயனில்லை. உறங்கியதை இப்போது எழுப்பியது எது என்று பாருங்கள். ஊட்டச்சத்துக் குறைவு, சர்க்கரை நோய், புகை, மது, எச்.ஐ.வி., நீண்ட காலம் எடுக்கும் ஸ்டீராய்டு மருந்து, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஆகவே அண்ணனுக்கு ரத்தச் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் சோதிப்பார்கள். இரண்டாவதன் பெயரைக் கேட்டதும் அண்ணி கலங்கக் கூடாது. காசநோயாளிகள் எல்லோருக்கும் செய்யும் பரிசோதனை அது.

"குழந்தையில் பிசிஜி ஊசி போட்டோமே" என்று உங்கள் அம்மா கேட்பார். அந்த ஊசி குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடல் முழுதும் பரவும் வகையிலிருந்தும் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலைக் காப்பதில்லை. இதற்கான பெரிய சோதனையும் சென்னைக்கு அருகில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968இல் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள்.

உங்கள் அண்ணன் ஒரு மாதத்தில் பரிசோதனைக்குப் போனதே நல்லது. இந்த ஊரில் இருமலுக்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை: தூசு, மார்கழிப் பனி, குளிர்ந்த தண்ணீர், ஏசி. முதலில் மருந்துக்கடையில் ஒரு இருமல் மருந்து. அடுத்துத் தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அது லீவோஃப்ளாக்சசின் வகையாக இருந்தால் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையானால் மெல்லிய காய்ச்சல், இரவில் தலையணை நனைகிற வியர்வை, பசியின்மை, பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு எடைக் குறைவு, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே சளியைச் சோதிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரல் தவிர நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, மூளையுறை, கருப்பை என்று முடியையும் நகத்தையும் விட்டு எங்கும் வரும் நோய் இது. அப்படி வருபவை பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கும் சோதிக்கச் சொல்வார்கள் என்பதால், என் தொழில் சார்ந்த விஷயம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆய்வகத்துக்கு வரும் டப்பாக்களில் பாதி எச்சிலாக இருக்கும். எச்சிலில் தேடினால் கிருமி கிடைக்காது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, கொழகொழப்பாக வந்தால் அதுதான் சளி. மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ எடுக்க வேண்டும், கழிப்பறைக்குள் அல்ல. அடுத்து அந்தச் சிறிய அறைக்குள் வருபவரை நினைத்துப் பாருங்கள்.

நல்ல சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் கழுவி, நீலச் சாயம் போட்டுப் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகளாகக் கிருமிகள் தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐந்தாயிரம் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் கண்ணில் படும். அதனால் "சளியில் ஒன்றும் இல்லை" என்ற தாளை மட்டும் நம்பி நாங்கள் யாரையும் விட்டுவிடுவதில்லை. இப்போது ஜீன் எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைகள் அரசு மையங்களில் இலவசம். அவற்றுக்கு மிகக் குறைந்த கிருமி போதும். சில மணி நேரத்தில் முடிவு வரும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அண்ணனுக்கு இந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துக் காசநோயைக் கண்டறிவதாகச் சொல்லும் சோதனைகளை 2012இலேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. யாராவது அதை எழுதிக்கொடுத்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இப்போது அந்த நிரூபணம். ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்து நல்ல காற்றும் ஓய்வும்தான். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கும் மருத்துவமனை, தொடங்கியது அந்தக் காலத்தில். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1950களில் மெட்ராஸில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதவில்லை. அப்போதுதான் ஐசோனயசிட் போன்ற மருந்துகள் வந்திருந்தன. வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. 1956இல் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் அமைத்தன. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றொரு பிரிவு நெருக்கடியான வீடுகளில், பற்றாக்குறைச் சாப்பாட்டோடு, அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டே அதே மருந்தைச் சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் குணமானோர் கணக்கில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதே சேத்துப்பட்டில்தான் 1920இல் கணித மேதை ராமானுஜன் இறந்தார். இங்கிலாந்தில் அவருக்குக் காசநோய் என்று சொல்லிச் சானடோரியங்களில் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அவருடைய நோய்க்குறிகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், அது அமீபாவால் கல்லீரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். சோதனை இல்லாமல் ஊகத்தில் காசநோய் என்று முடிவு கட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. சன்னல்களைத் திறந்து வையுங்கள். முதல் சில வாரங்கள் அண்ணன் காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்கட்டும், முகக்கவசம் போடட்டும், குழந்தையை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதைத் தள்ளிவைக்கட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். மருந்துக்குக் கட்டுப்படும் வகைக் கிருமியாக இருந்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், இரண்டு வாரம் போலத் தாண்டுவதற்குள் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். மருத்துவமனை யாருக்கு வேண்டும் என்றால், உடல் மிகவும் மெலிந்தவர், பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவர், கால் வீங்கியவர், மூச்சு வாங்குபவர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர் ஆகியோருக்கு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோய் உறுதியானதும் இவற்றைப் பார்த்துத்தான் யாரை உடனே சேர்ப்பது என்று பிரிக்கிறார்கள்.

மருந்து வழக்கமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கலந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் கலந்தது. எடையைப் பொறுத்துத் தினமும் இத்தனை என்று தருவார்கள், எல்லாம் இலவசம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கண்ணீர், வியர்வை கூடச் சில சமயம் அப்படித்தான் இருக்கும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் சொல்லுங்கள், பி6 வைட்டமின் தருவார்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ தாமதிக்காதீர்கள். மூட்டு வலி சிலருக்கு வரும். ஆறு மாதமும் மதுவைத் தொடக் கூடாது.

உண்மையான ஆபத்து இரண்டாம் மாதத்தில் வரும். இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், வேலைக்குப் போயிருப்பார். "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று மாத்திரை அட்டையை அலமாரியில் போடுவார். மருந்தில் வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும். மிச்சமிருப்பவை மெதுவாகச் சாகும் வகை, அவற்றுக்குத்தான் மீதி நான்கு மாதம். பாதியில் விட்டவர்கள் திரும்ப வரும்போது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு வருவதுண்டு. முன்பு அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிகிச்சை, அதில் மாதக்கணக்கில் தினமும் ஊசி, சிலருக்குக் காதே கேட்காமல் போகும். இப்போது பெடாக்குயிலின் முதலிய மருந்துகளைக் கொண்டு ஆறு மாதத்தில் முடிக்கும் முறை வந்திருக்கிறது. என்றாலும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மாத்திரையை அண்ணியோ நீங்களோ கையில் கொடுத்து, விழுங்குவதைப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உறவினர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். முட்டை, பருப்பு, வேர்க்கடலை, சுண்டல், மீன், வயிறு நிறையச் சோறு போதும். விலை கூடிய ஊட்டச்சத்துப் பொடி தேவையில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்ததால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. அதனால் அண்ணனுக்கு மட்டும் முட்டை வாங்கி மற்றவர்கள் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரத்தை மருந்து வாங்கும் அரசு மையத்தில் கொடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: குழந்தை, அம்மா, அண்ணி, நீங்கள், தங்கை எல்லோரும் பரிசோதனைக்குப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும். அம்மாவின் சர்க்கரை அளவையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

தங்கையின் வரன் பற்றி. தனியார் மருத்துவராக இருந்தாலும் காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. அது சிகிச்சை விடுபடாமல் இருப்பதற்காக வைக்கும் பதிவு, அக்கம்பக்கத்தாருக்குப் போகும் செய்தி அல்ல. களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தோன்றினால், "மையத்திலேயே வந்து வாங்கிக்கொள்கிறோம், போனில் பேசுங்கள்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எப்படியும் ஒரு வரன் அமைந்து, பேசி, நிச்சயம் செய்து, மண்டபம் கிடைப்பதற்குள் அண்ணனின் ஆறு மாதம் முடிந்துவிடும்.