ஆங்கில ‘தேன்’ சொல்லுக்குப் பின் ‘டு’ வேண்டுமா?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “வேலைக்கு வரும் வழி பற்றி அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், ‘இட் இஸ் பெட்டர் டு டேக் த மெட்ரோ தேன் வெயிட்டிங் ஃபார் த பஸ்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் ‘வெயிட்டிங்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ‘டு வெயிட்’ என்று வர வேண்டுமா, வெறும் ‘வெயிட்’ போதுமா?”

மேலாளர் சுழித்தது சரிதான். பேச்சில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்; கடிதத்தில் உறுத்தும். இந்தப் பிழைக்குக் காரணம் நம் தமிழ்ப் பழக்கம். ‘பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட மெட்ரோவில் போவது மேல்’ என்னும்போது காத்திருப்பது, போவது இரண்டும் ஒரே அச்சில் வார்த்த தொழிற்பெயர்கள். அந்த ஒரு வடிவத்துக்கு ஆங்கிலத்தில் ‘டு வெயிட்’, ‘வெயிட்டிங்’ என இரண்டு வடிவங்கள் இருப்பதால், ஒரு பக்கம் ஒன்றையும் மறுபக்கம் மற்றொன்றையும் போட்டாலும் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. காசிமேட்டில் கூறு கட்டி வைத்த நெத்திலியை இன்னொரு கூறோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்போமே தவிர, எடை போட்ட வஞ்சிரத்தோடு ஒப்பிடமாட்டோம். ‘தேன்’ என்ற சொல்லும் (தமிழில் எழுதினால் இனிக்கத்தான் செய்கிறது) தன் இரு பக்கமும் ஒரே வடிவத்தைக் கேட்கிறது. முன்னால் ‘டு டேக்’ என்றால் பின்னால் ‘டு வெயிட்’; ‘டேக்கிங்’ என்று தொடங்கினால் ‘வெயிட்டிங்’.

இரண்டாவது ‘டு’வை விட்டுவிட்டு ‘தேன் வெயிட்’ என்று எழுதுவதும் சரியே. வாக்கியம் நீளமானால் அதை வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். ‘இட் இஸ் ஈஸியர் டு வாக் ஃப்ரம் தேரடி ஸ்டேஷன் டு த டெம்பிள் தேன் டு ஃபைண்ட் பார்க்கிங்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நடுவில் வரும் ‘டு த டெம்பிள்’ வெறும் ‘கோயிலுக்கு’தான், கடைசி ‘டு’ இருப்பதால்தான் ஒப்பீட்டின் மறுபாதி எங்கே தொடங்குகிறது என்பது சட்டெனப் புரிகிறது.

‘வுட் ராதர்’ வந்தால் இரு பக்கமும் ‘டு’ கூடாது: ‘ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட்’. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ‘ப்ரிஃபர்’ என்ற சொல்லில். ‘ஐ ப்ரிஃபர் டு வாக்’ என்று தொடங்கினால் அடுத்து வெறும் ‘தேன்’ போதாது. ‘ராதர் தேன் வெயிட்’ என்று முடிக்க வேண்டும். ‘ஐ ப்ரிஃபர் வாக்கிங்’ என்று தொடங்கினால் ‘தேன்’ வரவே வராது. ‘டு வெயிட்டிங்’ என்பதே முறை, ஏனெனில் அந்த ‘டு’ பெயரோடு சேரும் முன்னிடைச்சொல்.

‘ஷீ நோஸ் பெட்டர் தேன் டு க்ராஸ் த ட்ராக்ஸ்’ மரபுத்தொடர் என்பதால் அதில் ‘டு’வை நீக்க முடியாது. தண்டவாளத்தைத் தாண்டும் அளவுக்கு அவள் விவரம் கெட்டவள் அல்ல என்பதே அதன் பொருள். தண்டவாளத்தை ஒட்டி வாழும் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘எளிது’ என்ற சொல் தமிழில் ஒப்பீட்டிலும் மாறாமல் நிற்பதால், ‘இட் இஸ் ஈஸி டு வாக் தேன் டு வெயிட்’ என்று கை தானாக எழுதிவிடும். ‘தேன்’ வரும் வாக்கியத்தில் ‘ஈஸி’ என்பது ‘ஈஸியர்’ ஆக வேண்டும். நீங்கள் ‘பெட்டர்’ என்று சரியாகவே எழுதியிருப்பதால், ‘வெயிட்டிங்’ என்பதை ‘டு வெயிட்’ என்று மாற்றிக் கடிதத்தைத் திரும்பக் கொடுக்கலாம்.