கடல்நீரில் பாலிமரும் காரமும் கலந்து செலுத்தலாமா?

கேள்வி: நான் ராமநாதபுரம் கடலோரத்தைச் சேர்ந்த பெட்ரோலியப் பொறியியல் மாணவன். விளைச்சல் குறைந்த எண்ணெய் வயல்களில் வேதிப்பொருள் கலந்த நீரைச் செலுத்தி மீதி எண்ணெயை எடுப்பது பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். இங்கே கடல்நீருக்குப் பஞ்சமில்லை. நீரைக் கெட்டியாக்கி எண்ணெயைத் தள்ள உதவும் பாலிமரையும், பாறையில் ஒட்டிய எண்ணெயை விடுவிக்க உதவும் காரத்தையும் அதிலேயே கலக்கலாமா? வழுதூர்ப் பக்கக் கிணறுகளை மாதிரியாக எடுக்கலாமா?

பதில்: வழுதூரை விட்டுவிடுங்கள். அங்குள்ளவை எரிவாயுக் கிணறுகள்; மின்நிலையமும் இயற்கை எரிவாயுவில்தான் ஓடுகிறது. எரிவாயு உள்ள பாறைக்குள் நீரைச் செலுத்தினால் வாயு துளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும், வருவதும் குறையும். இந்த முறை எண்ணெய் வயலுக்கே உரியது. ராஜஸ்தானின் மங்களா, சீனாவின் டாச்சிங் வயல்களைப் படியுங்கள். டாச்சிங்கில் 1996 முதல் வணிக அளவில் பாலிமர் செலுத்துகிறார்கள். உப்புக் குறைந்த நீரும், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அங்கே பெரிய துணை.

கடல்நீரில் அந்த வசதி கிடையாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைவிடத் தொல்லை, 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும் மக்னீசியமும்தான். ஒரு கண்ணாடிக் குவளையில் பாம்பன் கடல்நீரை வடிகட்டி எடுத்து, சலவைச் சோடாக் கரைசலை ஊற்றிப் பாருங்கள். நீர் பால்போல் கலங்கும். சற்று நேரத்தில் அடியில் வெள்ளை வண்டல் படியும். நீங்கள் கலக்க நினைக்கும் காரமும் பெரும்பாலும் இதே சோடியம் கார்பனேட்தான். அந்த வண்டல் செலுத்துகிணற்றின் அடியில் படிந்தால் பாறையின் வாய் அடைத்துக்கொள்ளும்.

பாலிமருக்கும் இதே கதி. உப்பு நீரில் அதன் நீண்ட இழைகள் சுருண்டு, நீரின் பாகுத்தன்மை இறங்கும். அதே பாகுத்தன்மைக்கு அதிகப் பாலிமர் போட வேண்டும், செலவு ஏறும். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான பாலிமர் மெல்லச் சிதைந்து, கால்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகவும் கூடும். நானோ வடிகட்டியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிரித்துக் கடல்நீரை மென்மையாக்கலாம். அல்லது உப்பைத் தாங்கும் சல்போனேட் வகைப் பாலிமரை எடுக்கலாம். வடிகட்டியில் மிஞ்சும் அடர் உப்புநீரை எங்கே விடுவது என்பதையும் எழுதுங்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை அருகில் வைத்துக்கொண்டு அதைத் தவிர்க்கக் கூடாது.

மாணவர்கள் பலர் எந்த வேதிப்பொருள், எத்தனை சதவீதம் என்றே தொடங்குகிறார்கள். நீரிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய்ப் பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் படுகை நீரின் பகுப்பாய்வு, வெப்பம், பாறையில் உள்ள களிமண் ஆகியவை தெரிந்த பிறகே பாலிமர் அளவு. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசையை ஆயிரக்கணக்கான மடங்கு குறைக்கும் சர்ஃபாக்டன்ட் அதற்குப் பின். களிமண் அதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அந்த வயலின் பாறைத் துண்டிலேயே சோதித்து, ஒரு கிலோ வேதிப்பொருளுக்கு எத்தனை பீப்பாய் கூடுதல் எண்ணெய் என்று கணக்கிடுங்கள்.