கைத்துப்பாக்கியில் அளவு மாறிய தோட்டாவைத் தெரியாமல் சுட்டால் என்ன ஆகும்? யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

எனக்கு நேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில். நீங்கள் புதிதாக உரிமம் வாங்கியவராக இருக்க வேண்டும், அல்லது வீட்டுப் பெரியவரின் ரிவால்வர் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். பழகியவர்கள் இந்தக் கேள்வியை வெளியே கேட்பதில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

நான் காலாட்படையில் 17 ஆண்டுகள் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வாரக் கூலிப் பணம் கொண்டுபோகும் பொறுப்பு கிடைத்தது. அதற்காகத்தான் உரிமமும், கான்பூரில் செய்த .32 (குழல் அளவு, அங்குலத்தில்) ரிவால்வரும். "பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தோட்டா தெரியாதா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் இன்சாஸ் ரைபிளுக்கு 5.56 மி.மீ., கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிக்கு 9 மி.மீ. என்று கிடங்கிலிருந்தே எண்ணிக் கொடுப்பார்கள். கடையில் நின்று தோட்டா வாங்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டதும் வழக்கம்போல ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஜூன் 4 முடிவு வந்து, ஆணை வந்து, கைக்குத் திரும்பி வந்தபோது தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். துணி இல்லாமல் வந்தது. குழலின் வாயிலும் தோட்டா இடும் சிலிண்டரின் ஓரத்திலும் துரு. கடற்காற்று அடிக்கும் மாவட்டத்தில் இரும்பை இரண்டரை மாதம் ஈரச் சுவர் ஓரமாகக் குவித்து வைத்தால் வேறென்ன ஆகும்? 2021-இல் சட்டமன்றத் தேர்தலும் எங்கள் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலும் ஒன்றாக வந்தபோதும் இதே கதைதான். ஒப்படைக்கச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. வாங்கிக்கொள்கிறவர்கள் அதை ஒரு மனிதனின் பிழைப்புக் கருவியாக மதித்து, ஒப்படைத்தபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது அது.

துருவைத் துடைத்த பிறகு சுட்டுப் பார்க்காமல் இடுப்பில் வைக்க மனம் வரவில்லை. என்னிடம் இருந்த பழைய தோட்டாக்கள் ஈரம் குடித்தவை. அதனால் வெளி மாவட்டக் கடை ஒன்றில் உரிமத்தைக் காட்டிப் பத்து வாங்கினேன். உரிமத்தில் .32. ரசீதில் .32. காகிதப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதியதும் .32.

தவறு அந்த எண்ணுக்குள்தான் இருந்தது. நம் நாட்டில் .38, 9 மி.மீ. எல்லாம் தடைசெய்யப்பட்ட வகை. பொதுமக்கள் கையில் இருக்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை .32. ஆனால் சுழலும் சிலிண்டர் உள்ள ரிவால்வரின் .32 வேறு, கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டலின் .32 வேறு. ரிவால்வருக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்ற வகை. மருந்து அடைத்த கூடு 23 மி.மீ. நீளம், நுனியில் பெரும்பாலும் வெறும் ஈயம். பிஸ்டலுக்கு உரியது ஏ.சி.பி. என்ற வகை; கூடு 17 மி.மீ. மட்டும், குண்டுக்குச் செம்பு உறை. குண்டின் பருமன் ஏறத்தாழ ஒன்றேதான். குட்டையாக இருந்தாலும் பிஸ்டல் தோட்டாவுக்கு அழுத்தம் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். என் கையில் ஒரு வகைதான் இருந்தது, பிஸ்டலுடையது.

சுடுதளத்தில் மூன்று தோட்டாக்களை இட்டேன். தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தன. முதல் வெடியின் சத்தம் காதுக்குப் பழகியதாக இல்லை. உள்ளங்கையில் ஒரு வெட்டு வெட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். துருவின் வேலை என்று நினைத்து இரண்டாவது முறை விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. மூன்றாவது வெடித்தது. பக்கத்தில் நின்ற சுபேதார் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தம்பி, கையை எடு. குழல் அந்தப் பக்கமே இருக்கட்டும்."

அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றோம். வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும். பிறகு மடக்கித் திறந்தால் கூடுகள் வெளியே வரவில்லை. ஏ.சி.பி. தோட்டாவின் அடிவிளிம்பு சிறியது; கூட்டைத் தூக்க வேண்டிய நட்சத்திரத் தகடு அதைப் பிடிக்காமல் வழுக்கிவிட்டது. வெடித்த கூடுகளை மெல்லிய மரக்குச்சியால் முன்பக்கத்திலிருந்து தள்ளி எடுத்தோம். இரண்டும் அடிப்பக்கம் உப்பியிருந்தன. அண்ணன் தன் பையிலிருந்து சரியான தோட்டா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும்வரை என் கை நடுங்கியது.

என் கை பிழைத்தது, அழுத்த வித்தியாசம் தாங்கும் அளவில் இருந்ததால்தான். எல்லாச் சேர்க்கையும் அப்படி விடாது. .40 பிஸ்டலில் அதைவிடச் சிறிய 9 மி.மீ. இட்டால் கூடு பிளக்கும், குண்டு குழலில் பிடிமானம் இல்லாமல் தடுமாறி வெளியேறும். சிறிய சத்தத்தோடு குண்டு குழலுக்குள்ளேயே நின்று, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வங்கி வாசலில் 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் என் பழைய நண்பர்களுக்கும் இது பொருந்தும். 20 போர் தோட்டா ஒல்லியானது; 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் 12 போரையும் இட்டுச் சுட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 20 போர் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

கடைக்காரர் மீதியைத் திரும்ப வாங்க மறுத்தார். ரிவால்வர் உரிமத்தின் கீழ் பிஸ்டல் தோட்டாவை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. நடந்ததைக் கடிதமாக எழுதி, வெடிக்காததையும் சேர்த்து எட்டையும் காவல் நிலையத்தில் கொடுத்தேன். எழுத்தர் ரசீதில் ".32 தோட்டா – 8" என்று எழுதினார். "ஐயா, பிஸ்டல் என்று சேர்த்து எழுதுங்கள்" என்றேன். எதற்கு என்று கேட்டார். எழுதும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.