மூதூர்க் கடலோரம் நட்ட கண்டல் ஏன் பட்டுப்போகிறது?

மூதூரை ஒட்டிய கொட்டியாரக்குடாவின் களிமண்ணில் கம்பு கம்பாகக் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) குத்திவிட்டு, அடுத்த வருசம் பார்த்தால் பாதிகூட இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிழை கன்றில் இல்லை, நட்ட மட்டத்தில்தான்.

கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கண்டலுக்கு ஏற்ற நிலப்பட்டி மிக ஒடுங்கியது. பெருக்கில் நனைந்து வற்றில் வெளியே தெரியும் நிலம் வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றால் வேருக்குக் காற்றுப் போகாது, தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஒட்டிப் பாரத்தில் சாயும். மேட்டில் நட்டாலோ கோடையில் உப்புப் பூத்துக் கருகும். ஏற்கெனவே தானாக முளைத்த கண்டல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

நடுவதற்காக, மரத்திலேயே முளைத்துக் கம்புபோல் தொங்கும் விதைக்காயைப் பிடுங்க வேண்டாம். காய்க்கும் அதிலிருந்து நீளும் முளைத்தண்டுக்கும் நடுவே மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றல். தொட்டாலே கழன்று வரும். கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகட்டும். இடைவெளி ஒரு மீற்றர் போதும்.

வீதியோ அணைக்கட்டோ வாய்க்காலை மறித்திருந்தால் முதலில் அதைத் திறவுங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கினால், பக்கத்தில் தாய்மரம் உள்ள இடத்தில் நடாமலே முளைக்கும்.