வேறு வேலை தேடிக்கொண்டே ஓட்டல் டூருக்குப் போகலாமா?

கேள்வி இது: ஓட்டலில் வேலை பார்க்கிறேன், யாருக்கும் தெரியாமல் வேறு வேலை தேடுகிறேன், இந்த நேரத்தில் ஸ்டாஃப் எல்லோரையும் இரண்டு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள், போனால் முதலாளிக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகாதா?

போங்கள். ஆகாது.

இத்தோடு முடித்திருப்பேன். "துரோகம்" என்று எழுதிவிட்டீர்கள், அதுதான் என்னை உட்கார்ந்து டைப் செய்ய வைத்தது. அந்த வார்த்தையோடு ஒரு மாதம் தூங்காமல் கிடந்தவன் நான்.

2017. சென்னையில் ஒரு சைவ ஓட்டலில் பில் கவுண்டர். படித்தது கேட்டரிங், பி.எஸ்சி. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கப்பலுக்குப் போய்விட்டார்கள், எனக்கும் அந்தக் கிறுக்கு. நீங்களும் கப்பல் வேலைதான் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் படியுங்கள்.

அந்த வருடம் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் எவனும் வேறு வேலை தேடாமல் இருந்திருக்க மாட்டான். ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி இருந்தால் 18. எங்கள் ஓட்டலில் ஏசி ஹால் ஒன்றுதான், கீழே மின்விசிறிதான் சுற்றும். ஆனால் ஓட்டலில் ஏதாவது ஒரு பக்கம் ஏசி இருந்தாலே மொத்தத்துக்கும் 18. கீழே வியர்த்துக்கொண்டே நெய்ரோஸ்ட் சாப்பிட்டவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? "ஏசி எங்கப்பா? காட்டு, போய் உட்கார்ந்துட்டு வரேன்" என்பார்கள். ஒரு பெரியவர் பில்லைக் கசக்கி என் மேஜையில் எறிந்தார். என்னமோ அந்த 18 சதவீதத்தை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. நவம்பர் 15-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், சத்தமும் அடங்கியது. நடுவில் நாலரை மாதம் திட்டு வாங்கியவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? சரி, அது வேறு கதை.

ஆவணியில் ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, "ரெண்டு நாள் கடை லீவு, எல்லாரும் பீச்சுக்குப் போறோம்" என்றார். தரங்கம்பாடி. முப்பத்தொரு பேர், இரண்டு வேன். பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஒரு கப்பல் வேலைக்கு மெயில் போட்டிருந்தேன், அந்த வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போனில் இண்டர்வியூ வரும் என்று பதில் வந்திருந்தது. ஒருத்தர் காசில் ஊர் சுற்றிக்கொண்டே அவர் கடையை விட்டு ஓடப் பார்க்கிறோமே என்ற உறுத்தல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஏறினோம். கால் வைக்க இடமில்லை. என்னடா என்று குனிந்து பார்த்தால் சீட்டுக்கு அடியில் இலைக்கட்டு. பின்னால் இரண்டு அண்டா, சாம்பார் வாளிகள், கரண்டிகள். பீச்சுக்குப் போகிற வேனில் இலைக்கட்டு எதற்கு என்று நான் கேட்டபோது சமையல்கட்டில் இருக்கிற சரக்கு மாஸ்டர் மட்டும் சிரித்தார். அவருக்கு ஒரு வாரமாகவே தெரியும்.

விடிகிற நேரத்தில் வேன் நின்ற இடம் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த சாமி இருக்கிற ஊர். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ ஜோடி ஜோடியாக வருவார்கள். முதலாளிக்கு அன்று அறுபது முடிந்திருந்தது. மண்டபம் பிடித்திருந்தார், சமையலும் பரிமாறலும் நாங்கள். காலை டிபன் மூன்று பந்தி, மத்தியானம் நாலு பந்தி. நான் கேசரி வாளி தூக்கினேன், அப்புறம் மோர். இண்டர்வியூ வந்தால் எடுக்க வேண்டுமே என்று போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். குனிந்து மோர் ஊற்றும்போது ஒருமுறை அது வாளிக்குள் விழப் பார்த்தது.

அவர் மேல் சேறு வாரி இறைக்க இதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷன், ஒரு கிளீனிங் பையனுக்குக் காய்ச்சல் என்றால் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கமெண்டில் வந்து "உப்பிட்டவரை" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் கடலைப் பார்த்தோம். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பக்கம்தான். இப்போது மயிலாடுதுறை மாவட்டம், அப்போது நாகப்பட்டினம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-இல் ஊரையே இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர்களே நல்ல விலை வந்ததும் கிளம்பிவிட்டார்கள், நான் இரண்டு வருடம் பில் போட்டவன். இந்தக் கணக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, பிறகு யோசித்ததுதான். பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. வேன் நின்றதும் ஓட்டம்தான்.

பாத்திரம் கழுவுகிற அசாம் பையன் ஒருவன், அதற்கு முன் கடலையே பார்த்ததில்லை. ஜீன்ஸைக் கழற்றாமல் இறங்கியவன் அடுத்த நிமிடம் "ஆ" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தான். என்னமோ கடித்துவிட்டது என்று ஓடினோம். கடிக்கவில்லை. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால், விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போய்ச் சேற்றுப்புண். உப்புத் தண்ணீர் பட்டதும் எரிச்சல். தோசை மாஸ்டர் அவனைத் தோளோடு பிடித்துத் திரும்பவும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். "எரியட்டும் விடுடா, எரிஞ்சா காஞ்சிடும்." அவன் அழுதுகொண்டே சிரித்தான். அப்புறம் அவனை வெளியே கூப்பிடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. மும்பை நம்பர்.

மணலில் நின்று எடுத்தால் காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. போனைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கோட்டைச் சுவரின் ஊர்ப்பக்கத்துக்கு ஓடினேன். ஈர லுங்கி, கையெல்லாம் மணல், வாயில் இங்கிலீஷ். அந்தம்மா முதலில் கேட்டதே, "ஏற்கனவே கப்பலில்தான் இருக்கிறீர்களா, அலைச் சத்தம் கேட்கிறதே" என்றுதான். அடுத்து, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றார். இதற்கு நான் தயார் செய்யவே தேவையில்லை. பில்லைக் கசக்கி எறிந்த பெரியவர் கதையை அப்படியே சொன்னேன். அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, எந்த வரி எதற்கு என்று பில்லில் கோடு போட்டுக் காட்டியதைச் சொன்னேன். அந்தம்மா சிரித்தார். காபி கொடுத்தது மட்டும் பொய்.

சிடிசி, அதாவது கப்பல்காரர்களுக்கான அடையாளப் புத்தகம், இருக்கிறதா, எஸ்டிசிடபிள்யூ என்கிற கடல் பாதுகாப்புக் கோர்ஸ் முடித்தாயிற்றா என்றார். என்னிடம் பாஸ்போர்ட் மட்டும்தான் இருந்தது. நீச்சலும் தெரியாது, முழங்காலுக்கு மேல் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே இல்லை. "முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

திரும்பினால் சரக்கு மாஸ்டர் கையில் சுண்டல் பொட்டலத்தோடு நிற்கிறார்.

"என்ன தம்பி, கப்பலா?"

"இல்ல மாஸ்டர், ஃப்ரெண்டு..."

"உன் பெட்டி மேல வெள்ளை பேக்ரவுண்டுல எட்டு போட்டோ கிடக்கு. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவா அப்படி எடுப்பாங்க?"

மாடி ஷெட்டில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிற இடத்தில் ரகசியமாக வேலை தேடுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாஸ்டர் பாதிச் சுண்டலை என் கையில் கொட்டிவிட்டுச் சொன்னார். டீ மாஸ்டர் கோயம்புத்தூரில் பேசி வைத்திருக்கிறார், சப்ளையர்களில் இரண்டு பேர் தீபாவளி போனஸ் வாங்கிய மறுநாள் கிளம்புகிறார்கள், இது முதலாளிக்கும் தெரியும். "நானே போயிருப்பேன். அறுபதாயிரம் அட்வான்ஸ் வாங்கித் தொலைச்சிட்டேன், அதைக் கட்டாம எங்கயும் நகர முடியாது. உனக்கென்ன, கிளம்பு."

அந்த அட்வான்ஸைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். மகள் கல்யாணத்துக்கென்று முதலாளி கொடுக்கிற பணம், உதவி மாதிரித்தான் இருக்கும். வாங்கிய பிறகு வேறு ஓட்டலில் இரண்டாயிரம் கூடக் கொடுக்கிறேன் என்றாலும் போக முடியாது. உங்களுக்கும் டூர் முடிந்த கையோடு "ஏதாவது பணம் வேணுமாப்பா?" என்று கேட்கலாம். வேலை தேடுகிற நேரத்தில் வாங்காதீர்கள்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது, வேன் வாடகை டிப்ஸ் உண்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. வாடிக்கையாளர் எங்களுக்கு வைத்துவிட்டுப் போன காசு. அதுகூடப் போகட்டும். மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்தால் இரண்டு நாள் குறைகிறது. கேட்டதற்கு சூபர்வைசர், "கடை லீவுதானே" என்றார். ஏழு பந்தி பரிமாறிய நாளும் அந்த லீவில் சேர்த்தி! சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். எங்கள் ஓட்டலில் மே 1 அன்றுதான் கூட்டம் நெரியும், ஒருநாளும் சாத்தியதில்லை. இதில் யார் யாருக்குத் துரோகம் என்று நீங்களே சொல்லுங்கள். எல்லா முதலாளியும் இப்படி என்று சொல்லவில்லை. உங்கள் முதலாளி சொந்தக் காசிலேயே கூட்டிப் போகலாம், எனக்குத் தெரியாது.

கப்பல் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டார், நல்லவேளை என்னிடம் இல்லை. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் டி.ஜி. ஷிப்பிங் என்கிற மத்திய அரசின் கப்பல் துறை அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், வேலை வாங்கித் தருவதற்கென்று நம்மிடம் பணம் கேட்கவே கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த சித்திரையில் சிறுசேரிப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தேன். அங்கே ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியது அதே சரக்கு மாஸ்டர்.

ஆகவே போய்விட்டு வாருங்கள். ஏறுவதற்கு முன் அந்த இரண்டு நாளுக்குச் சம்பளம் உண்டா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இலைக்கட்டு இருக்கிறதா என்றும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.