வேலைக்குப் போய்விட்டு ஆய்வுக்கு வரலாமா?

அன்புள்ள அக்கா,

வேதியியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடனே சேரத் தெம்பு இல்லை. கல்விக் கடனும் இருக்கிறது. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேரலாம் என்று நினைக்கிறேன். இடைவெளி விட்டால் படிப்பு விட்டுப்போகும் என்கிறார் பேராசிரியர். கையில் சம்பளம் வந்துவிட்டால் திரும்பிப் போக மாட்டாய் என்கிறார் அப்பா. நீங்கள் வேலையிலிருந்து ஆய்வுக்குப் போனவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

வேலைக்குப் போங்கள். கடனை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுவே போதுமான காரணமாகப் படுகிறது. உதவித்தொகையிலிருந்து தவணையும் கட்டிக்கொண்டு ஆய்வு செய்தவர்கள் மாதக் கடைசியில் பட்ட பதற்றத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்த வேலை என்பதில் கவனமாக இருங்கள். நான் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். காலையில் முதல் காரியம், தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை, பிஎச் 4, 7, 10 என்று முன்பே தெரிந்த மூன்று பஃபர் கரைசல்களில் வைத்துச் சரிபார்ப்பது. அதற்குப் பிறகும் சில மாதிரிகளில் எண் நிற்காது. 6.8 காட்டும், கொஞ்ச நேரத்தில் 6.7, பிறகு 6.6. திரும்பப் பஃபரில் வைத்தால் கருவி ஒழுங்காகக் காட்டும். தண்ணீரில் முக்கும் மின்முனையைக் கழுவினேன், மாற்றியும் பார்த்தேன். அவையெல்லாம் உப்பு மிகக் குறைந்த தண்ணீர் என்பது பல நாள் கழித்துத்தான் பிடிபட்டது. உப்பிலிருந்து வரும் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) குறைவாக இருந்தால் மின்முனை நிலைகொள்ள நேரமாகும். அதற்குள் காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து எண்ணை இறக்கிவிடும். பாடத்தில் படித்த விஷயம்தான். படித்தபோது அது என்னை உறுத்தவே இல்லை. அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது என்று பேனாவோடு நின்றபோது உறுத்தியது. பிறகு ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது நான் எழுதிய கேள்வி அதுதான். நேராகச் சேர்ந்திருந்தால், நெறியாளர் கொடுத்த தலைப்பை வாங்கிக்கொண்டிருப்பேன்.

சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குட்டால் 1960இல், இன்றைய தான்சானியாவிலுள்ள கோம்பே காட்டுக்குப் போனார். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தது 1962இல். சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்திருக்கக் கூடாது, எண் கொடுத்திருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. குச்சியின் இலைகளை உருவிவிட்டு, அதைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடித்துத் தின்னும் சிம்பன்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்தத் தைரியம் களத்திலிருந்து வந்தது என்றே நம்புகிறேன்.

பேராசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எனக்கு முதலில் மறந்தது கணிதம். வாரத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது முழுதாகப் படியுங்கள். கல்லூரி நூலக அனுமதி போய்விடும்; கெம்ஆர்கைவ் (ChemRxiv) இணையதளத்தில் வேதியியல் முன்பதிப்புகளை, அதாவது இதழில் வெளியாகும் முன்பே பகிரப்படும் கட்டுரைகளை, இலவசமாகவே படிக்கலாம். அப்பா பயப்படுவதும் நடக்கக்கூடியதுதான். வேலை பிடித்துப்போய் நீங்கள் அங்கேயே நின்றுவிட்டால் அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிடிக்காமலும் வெளியே வர முடியாமலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பழைய கடன் தீரும்வரை புதுத் தவணை எதையும் தொடங்க வேண்டாம்.

வெளிநாட்டில் சேரும் எண்ணம் இருந்தால், ஆங்கிலத் தேர்வை இப்போதே எழுதிவிடாதீர்கள். டோஃபல், ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இரண்டு வருடம்தான் செல்லும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண் ஐந்து வருடம் தாங்கும். வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் முழுதாகப் படியுங்கள். அங்கே எடுக்கும் தரவுகள் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம். என் நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்னொன்று, இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் பேராசிரியரை நேரில் பார்த்து, பின்னால் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் புராஜெக்ட் அறிக்கையின் பிரதி ஒன்றையும், அதில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி எது என்று அரைப் பக்கத்தில் எழுதியும் கொடுங்கள். இடையில் வருடம் ஒருமுறையாவது அவருக்கு நாலு வரி எழுதுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கடிதம் கேட்டுப் போனபோது, என் முகம் நினைவிருக்கிறது, நான் செய்த புராஜெக்ட் நினைவில்லை என்றார் என் பேராசிரியர்.