பிரவுசர் போல நடிக்கும் புரோகிராம்: இதை நம்பித் தொழிலில் இறங்கலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பைத்தானில் எழுதிய புரோகிராம் கேட்டால் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பும் தளம், குரோமில் மட்டும் சாதாரணமாகத் திறக்கிறதே, ஏன் என்பது முதல் கேள்வி. இந்தத் தடைகளைத் தாண்டுவதில் உங்களுக்கு ருசி தட்டிவிட்டது, இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: நிகழ்ச்சி டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கும் புரோகிராம் எழுதிக்கொடுத்தால் பணம் தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். அப்பா இதையெல்லாம் திருட்டு வேலை என்று நினைத்துக் கலங்குகிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கவலை தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தொழில்நுட்பத்தைப் பேசிவிடுவோம். வேலை பற்றிய என் பதில் அதிலிருந்துதான் வருகிறது.

இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்க உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிடம் (ஆயத்த நிரல் தொகுப்பு) நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அது தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் யூசர் ஏஜென்ட் ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும் 'நான் இன்னார்' என்ற குறிப்பில்) ஒளிக்காமல் சொல்லிவிடும். கட்டளை வரியிலிருந்து பக்கங்களைக் கேட்கும் கர்ல் கருவியும் அப்படித்தான். பல தளங்கள் இந்தப் பெயர்களைக் கண்டதுமே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் குரோமின் வரியை எடுத்து ஒட்டியதும் உங்கள் புரோகிராம் சில நாள் ஓடியது. பார்க்கப்போனால் அந்த வரியே பழைய வேஷம்தான். இன்றைய குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே தங்களை 'மொஸில்லா/5.0' என்றுதான் சொல்லத் தொடங்கும். 1990களில், தன்னை மொஸில்லா என்று சொல்லிக்கொண்ட நெட்ஸ்கேப் பிரவுசருக்கு மட்டும் முழுமையான பக்கத்தைக் கொடுத்த சர்வர்கள் இருந்தன. அதே பக்கத்தைப் பெறுவதற்காக மற்ற பிரவுசர்களும் மொஸில்லா என்று சொல்லிக்கொண்டன. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் பிரவுசர் அந்த ஒரு வரியை மட்டும் அனுப்புவதில்லை. எந்த வகைக் கோப்பு வேண்டும், எந்த மொழி வேண்டும், எந்தச் சுருக்கமுறை புரியும் என்று தனித்தனி ஹெட்டர்கள் போகும். குரோம் தன் பதிப்பைச் சொல்லும் கிளையன்ட் ஹின்ட் ஹெட்டர்களையும் கூடவே அனுப்பும். யூசர் ஏஜென்ட் ஒரு பதிப்பைச் சொல்லி, கிளையன்ட் ஹின்ட் வேறொன்றைச் சொன்னால் சர்வர் சந்தேகப்பட அதுவே போதும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸிலிருந்து எல்லா ஹெட்டர்களையும் அப்படியே அள்ளி ஒட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. 'பிராட்லி முறையில் சுருக்கி அனுப்பினாலும் எனக்குப் புரியும்' என்ற உறுதிமொழியும் அதில் சேர்ந்து வந்துவிடும். அதைப் பிரிக்கும் லைப்ரரி உங்களிடம் இல்லையென்றால் 200 என்று நல்ல பதில் வரும், திறந்து பார்த்தால் வெறும் எழுத்துக் குப்பையாக இருக்கும். தளம் எதையோ மறைக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். கோளாறு தங்கள் பக்கம்தான் இருக்கும்.

குக்கீ, செஷன், ஃபார்ம் அந்தத் தளத்திலிருந்தே வந்ததா என்று சரிபார்க்க அதில் ஒளிந்திருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் எல்லாம் உங்களுக்குப் பிடிபட்டிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்குப் பிடிபடாதது அவற்றுக்கும் கீழே இருக்கிறது.

ஹெட்டர்கள் போவதற்கு முன்பே, பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துவதற்காக உங்கள் புரோகிராம் சர்வருக்கு ஒரு முதல் செய்தி அனுப்புகிறது. எனக்கு எந்தெந்தக் குறியாக்க முறைகள் தெரியும், எந்தெந்தக் கூடுதல் வசதிகள் உண்டு என்ற பட்டியல் அது. குரோம் இந்த வேலைக்கு போரிங்எஸ்எஸ்எல் லைப்ரரியை வைத்திருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் என்எஸ்எஸ்ஸை. பைத்தான் பெரும்பாலும் ஓபன்எஸ்எஸ்எல்லை நம்பியிருக்கிறது. மூன்றின் பட்டியலும் வேறுவேறு. இந்தப் பட்டியலிலிருந்து ஒரு கைரேகை எடுக்கும் ஜேஏ3 என்ற முறையை சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2017ல் வெளியிட்டார்கள். அதாவது, 'நான் குரோம்' என்று ஹெட்டரில் நீங்கள் சொல்லும் முன்பே, வந்திருப்பது பைத்தான் என்று சர்வருக்குத் தெரிந்துவிடுகிறது. 2023ல் குரோம் தன் பட்டியலின் ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் வரிசை மாற்றி அனுப்பத் தொடங்கியது. ஜேஏ3 தடுமாறியது. அதே ஆண்டு, வரிசை மாறினாலும் கண்டுகொள்ளும் ஜேஏ4 வந்துவிட்டது.

சரி, நிஜ பிரவுசரையே புரோகிராமால் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பிளேரைட்டும் செலினியமும் அதைத்தான் செய்கின்றன. அப்படி ஓடும் பிரவுசர், 'என்னை இயக்குவது ஒரு புரோகிராம்' என்று பக்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 2018ல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட வெப்டிரைவர் தரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த அறிவிப்பை மறைக்கும் பேட்ச்கள் (சிறு திருத்தங்கள்) உண்டு. மறைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வழிகளும் உண்டு. வந்திருப்பது மனிதரா புரோகிராமா என்று சோதிக்கும் ரீகேப்சாவின், அதே 2018ல் வந்த மூன்றாம் பதிப்பு புதிர் எதுவும் போடாமல், வந்தவரின் நடத்தையைப் பார்த்து 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் போடுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாறுவேடம் போடும் திறமையை மட்டும் நம்பித் தொழிலில் இறங்காதீர்கள். இன்று ஓடும் தந்திரம் குரோமின் அடுத்த பதிப்பில் செத்துவிடும். நீங்கள் அதற்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் அனுபவம் சேர்ந்துகொண்டே போகாது. ஆனால் 'சர்வர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன், எந்த அடுக்கில் பிடிபட்டேன்' என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் அறிவு இருக்கிறதே, அது பல வருடம் சோறு போடும். அந்த அறிவு உங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

மூன்று வழிகள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது டெஸ்ட் ஆட்டோமேஷன், அதாவது நிறுவனம் தன் சொந்தத் தளத்தைத் தானே சோதிக்கும் வேலை. செலினியம் பிறந்ததே இதற்காகத்தான். 2004ல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தங்கள் உள் செயலியைச் சோதிக்க எழுதியது அது. 2020ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டும் இதே வேலைக்கான கருவிதான். புதிதாக வருபவர் நுழைய இந்தக் கதவுதான் அகலமானது, யாரிடமும் ஒளிய வேண்டிய தேவையும் இல்லை. இரண்டாவது டேட்டா இன்ஜினியரிங். அங்கே தரவை எடுப்பது சின்ன வேலை. எடுத்ததைச் சுத்தம் செய்வது, சேமிப்பது, பக்கத்தின் அமைப்பு மாறியதும் உடனே கண்டுபிடிப்பது, நள்ளிரவில் நின்றுபோன வேலை தானாக மறுபடி ஓடும்படி செய்வது, இவைதான் பெரிய வேலைகள். தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் இல்லாமல் இதற்குள் போக முடியாது, இப்போதே தொடங்குங்கள். மூன்றாவது எதிர்ப்பக்கம்: தானாக ஓடும் புரோகிராம்களான பாட்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் பாதுகாப்புக் குழுக்கள். திருடிய பாஸ்வேர்டுகளை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கும் தாக்குதல்கள் பல நேரம் பிரவுசர் வேஷத்தில்தான் வருகின்றன. அந்த வேஷம் எங்கே கிழியும் என்று தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. உங்கள் கடிதத்தில் தெரியும் ஆர்வத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். நெட்வொர்க்கிங் அடிப்படையையும், பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ்ஸையும் ஆழமாகப் படித்தால்தான் அங்கே நிற்க முடியும்.

எந்த வழியில் போனாலும் ஒரு பழக்கம் வேண்டும். 403 வந்ததும் வேஷத்தைத் தேடாமல் நேர்வழியைத் தேடுங்கள். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து, ஃபெட்ச் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் நீங்கள் பக்கத்திலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்த தரவு, ஜேசன் என்ற சுத்தமான தரவு வடிவத்தில், புரோகிராம்கள் தரவு கேட்கும் வாசலான ஒரு ஏபிஐயிலிருந்து வந்துகொண்டிருக்கும். பொதுமக்களுக்கென்றே ஆவணப்படுத்திய ஏபிஐ இருக்கிறதா என்று தேட உங்களுக்கு அதுவே துப்பு. சில இடங்களில் வேஷம் போட்டால் அதுவே தடை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தரவுத்தளம், கேட்பவரின் நிறுவனப் பெயரையும் மின்னஞ்சலையும் யூசர் ஏஜென்ட்டில் எழுதச் சொல்கிறது. நொடிக்கு 10 கோரிக்கைக்கு மேல் அனுப்பக் கூடாது என்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் யார் நீங்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதச் சொல்கிறது. அங்கெல்லாம் குரோம் வேஷத்தைக் கழற்றி உண்மையைச் சொல்பவருக்குத்தான் கதவு திறக்கும்.

429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்று பதில் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை, பதிலில் இருந்தால், ரிட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் சொல்லும். ஈடேக் (பக்கத்தின் பதிப்பு அடையாளம்) வைத்துக் கேட்டால், மாறாத பக்கத்துக்கு 304 (மாறவில்லை) மட்டும் வரும், அவர்கள் சர்வருக்கும் சுமை குறையும். புரோகிராம்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளம் எழுதிவைக்கும் ரோபோட்ஸ் கோப்பையும் படியுங்கள். 1994ல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த அந்த ஏற்பாடு 2022ல்தான் ஆர்எஃப்சி 9309 என்று முறையான தரமானது. அது பூட்டு இல்லை, வேண்டுகோள். அதை மதிப்பவரா நீங்கள் என்று உங்கள் புரோகிராமைப் படிப்பவர் பார்ப்பார்.

அப்பாவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, பொதுவில் இருக்கும் பக்கத்தைப் புரோகிராம் வைத்துப் படிப்பதே திருட்டு ஆகிவிடாது. தேடுபொறிகள் செய்வதும் அதுதான். ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹைக்யூ என்ற நிறுவனம் லிங்க்ட்இன்னின் பொதுப் பக்கங்களைத் திரட்டிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019லும் 2022லும் ஹைக்யூ பக்கம் சாய்ந்தது. பொதுப் பக்கத்தைப் படிப்பது கணினிக் குற்றச் சட்டத்தில் வராது என்ற வாதத்துக்கு அங்கே வலு கிடைத்தது. அதோடு முடியவில்லை. பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று 2022 இறுதியில் கீழ் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 5,00,000 டாலர் தீர்ப்புக்கு அந்த நிறுவனம் சம்மதிக்க வேண்டிவந்தது. லாகின் செய்து நுழைவது, விதிமுறைக்கு ஒப்புக்கொண்டு அதை மீறுவது, தனிநபர் விவரங்களைத் திரட்டுவது, இந்த மூன்றிலும் உங்கள் மகன் காலை வைக்காமல் இருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஆனால் ஆபத்து பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது.

தம்பி, வேலை தேடும்போது காட்ட ஒரு புராஜெக்ட் செய்யுங்கள். அனுமதியுள்ள ஒரு பொதுத் தரவை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உடையாமல் ஓடும் சேகரிப்பானை எழுதுங்கள். கூடவே உங்கள் சொந்த சர்வர் ஒன்றை நிறுத்தி, அதை ரிக்வெஸ்ட்ஸ், கர்ல், பிளேரைட், சாதாரண குரோம் நான்காலும் கேட்டு, ஒவ்வொன்றும் சர்வர் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டு எழுதுங்கள். சொந்த சர்வர் என்பதால் யார் அனுமதியும் தேவையில்லை. 'இந்தத் தளத்தின் தடையை உடைத்தேன்' என்று ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். உங்களை எடுக்கப்போகிறவருக்கும் ஒரு தளம் இருக்கும்.

இனி அந்த டிக்கெட் வேலை. வேண்டாம். ஒருவருக்கு இத்தனை டிக்கெட் என்று வைத்த வரம்பைத் தாண்டுவதற்காகத்தான் அவர் உங்களைக் கேட்கிறார். அமெரிக்காவில் இதைத் தடுக்கவே 2016ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2021ல் மூன்று டிக்கெட் தரகு நிறுவனங்கள் மீது அது பாய்ந்தது. சட்டம் இல்லாத இடத்திலும், விடிய விடியக் காத்திருந்து ஒரு டிக்கெட் கேட்கும் ரசிகரின் இடத்தை உங்கள் புரோகிராம் பறிக்கும். அந்த ஆள் முகம் காட்டமாட்டார், பிரச்சினை வந்தால் புரோகிராமில் இருப்பது உங்கள் பெயர்தான்.

'இந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை' என்று ஒரே வரியில் பதில் அனுப்புங்கள், காரணம் விளக்க வேண்டாம், பேரம் பேச இடம் கொடுத்துவிடும். முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே திருப்பி அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் பாதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அப்பாவிடம் சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.